நடக்கும் உரிமையும் பூங்காவின் வாயிலும்

சென்னையில் விடுமுறை நாள் காலைகளில் ‘குடும்ப இயற்கை உலா’ என்னும் நிகழ்ச்சிகள் பெருகி வருகின்றன. பெற்றோரும் குழந்தைகளும் சிறு குழுவாகக் கூடி, வழிகாட்டி ஒருவருடன் பூங்காவிலோ ஏரிக்கரையிலோ சதுப்பு நிலத்தின் விளிம்பிலோ இரண்டு மணி நேரம் நடக்கின்றனர். மரங்களின் பெயர்களைக் கேட்டறிகின்றனர். தொலைநோக்கியில் பறவைகளைப் பார்க்கின்றனர். பிள்ளைகள் இலைகளைப் பொறுக்கிக் குறிப்பேட்டில் ஒட்டுகின்றனர். நல்ல காரியம்தான். கைப்பேசித் திரையிலிருந்து ஒரு குழந்தையின் கண்களை ஒரு மீன்கொத்தியின் பக்கம் திருப்புகிறவர்களோடு நமக்குச் சண்டை எதுவும் இல்லை. அந்தக் குழுவில் பெரும்பாக்கத்துக் குழந்தையை ஏன் அரிதாகவே காண முடிகிறது என்பதே நம் கேள்வி.

இக்கேள்வியைப் பெரும்பாக்கத்தை முன்வைத்துக் கேட்பதற்குக் காரணம் உண்டு. நகரத்தின் பறவை ஆர்வலர்கள் விடியற்காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு தேடிச் செல்லும் இடங்களுள் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும் பெரும்பாக்கம் ஈரநிலமும் முதன்மையானவை. கூழைக்கடா, பூநாரை, நாமக்கோழி, முக்குளிப்பான் என அங்கே காணக்கிடைப்பவை ஏராளம். பள்ளிக்கரணையின் 1,247 ஹெக்டேர் பரப்பு 2022இல் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அதே சதுப்பு நிலத்தைச் சுற்றித்தான் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய மறுகுடியமர்வுப் பகுதிகள் உள்ளன. கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் ஆகியவற்றின் கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் இங்கே அடுக்ககங்களில் குவிக்கப்பட்டிருக்கின்றன. அவர்களுள் தலித் மக்களே பெருந்தொகையினர். நகரத்தார் பல கிலோமீட்டர் பயணம் செய்து காண வரும் பறவைகளுக்கு அண்டை வீட்டார் இவர்கள். எனினும், இயற்கையைப் பற்றிய பேச்சில் இவர்களுக்குக் கிடைத்திருக்கும் ஒரே பெயர் ‘ஆக்கிரமிப்பாளர்’.

அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். 2015 வெள்ளத்திற்குப் பிறகு ஆற்றங்கரைக் குடியிருப்புகளை அகற்றும் பணி விரைவு பெற்றது. சொல்லப்பட்ட காரணங்கள் இரண்டு: வெள்ளத் தடுப்பு, ஆற்றின் சூழலியல் மீட்பு. தலித் சமூகத்திலிருந்து எழுந்து அமைச்சராக உயர்ந்த சத்தியவாணி முத்துவின் பெயரைத் தாங்கிய கூவக்கரைக் குடியிருப்பு, 2019 டிசம்பர் இறுதியில் தொடங்கிப் பள்ளி ஆண்டின் நடுவிலேயே இடிக்கப்பட்டது. அங்கிருந்த பிள்ளைகளுக்கு மெரினா கடற்கரை நடந்தே போய்வரக்கூடிய தொலைவில் இருந்தது. கட்டணமும் காவலாளியும் இல்லாத, எவரும் எவரையும் என்ன ஊர் என்று கேட்காத, இந்நகரத்தின் ஆகப் பெரிய திறந்தவெளி அது. சூழலைக் காக்கிறோம் என்ற பெயரில் அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டவற்றுள் அந்தக் கடற்கரையும் ஒன்று. இழப்பீட்டுக் கணக்கு எதிலும் அது ஏறவில்லை.

2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகள் இடிக்கப்பட்டபோது, முதியவர் ஒருவர் தீக்குளித்து உயிரிழந்தார். கால்வாய்க் கரையில் பல பத்தாண்டுகள் வாழ்ந்த மக்களைக் கால்வாயின் பகைவராகக் காட்டியதன் விளைவு அது. சதுப்பு நிலத்தின்மேல் எழுந்த தகவல் தொழில்நுட்ப வளாகங்களையும் அரசு நிறுவனங்களையும் எவரும் அந்தப் பெயரால் அழைப்பதில்லை. கொடுமை என்னவென்றால், ஆற்றைக் காக்க அகற்றப்பட்டவர்களை அரசே கொண்டுபோய்க் குடியமர்த்தியது மற்றொரு நீர்நிலையின் விளிம்பில். மழைக்காலந்தோறும் செம்மஞ்சேரியில் தேங்கும் வெள்ளம் இதற்குச் சாட்சி.

ஆகவே, நகரத்தின் பசுமை வெளிகளில் யார் நடக்கிறார்கள் என்பது பொழுதுபோக்கு பற்றிய கேள்வி மட்டுமன்று. தமிழ்நாட்டில் தலித் மக்கள் நடப்பதற்கே சட்டமன்றத்தில் தீர்மானம் வேண்டியிருந்தது. 1924 ஆகஸ்டில் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் அத்தீர்மானத்தைக் கொண்டுவந்தார். எந்த நகரத்திலும் கிராமத்திலும் உள்ள பொதுச் சாலையிலோ தெருவிலோ பாதையிலோ ஒடுக்கப்பட்ட வகுப்பினர் எவரும் நடந்து செல்வதற்குத் தடையில்லை என்பது அதன் முதற்பகுதி. பொது அலுவலகம், கிணறு, குளம், பொதுமக்கள் கூடும் இடங்கள் ஆகியவற்றைச் சாதி இந்துக்கள் பயன்படுத்தும் அதே முறையிலும் அதே அளவிலும் அவர்களும் பயன்படுத்தலாம் என்பது அடுத்த பகுதி. அதே ஆண்டில்தான் வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடப்பதற்கான போராட்டமும் நடந்துகொண்டிருந்தது. தீர்மானம் நிறைவேறியது, அரசாணையும் வந்தது. பின்னர் அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவு, அரசு நிதியால் பராமரிக்கப்படும் சாலைகளையும் பொதுமக்கள் கூடும் இடங்களையும் பயன்படுத்துவதில் சாதியின் பெயரால் எந்தத் தடையும் கூடாது என்றது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம், பொது வளங்களையும் பொது இடங்களையும் பயன்படுத்தவிடாமல் தடுப்பதைத் தனிக் குற்றமாகவே வரையறுத்தது.

பூங்கா என்பது ஐயத்திற்கு இடமின்றிப் பொதுமக்கள் கூடும் இடம். ஆனால் சட்டம் சாதியின் பெயரால் விதிக்கப்படும் தடையைத்தான் காணும். நுழைவுச்சீட்டின் விலையால், திறக்கும் நேரத்தால், காவலாளியின் பார்வையால் விழும் தடை அதன் கண்ணில் படாது.

விலையைப் பார்ப்போம். கதீட்ரல் சாலையில் தனியார் வசமிருந்து மீட்கப்பட்ட நிலத்தில் 2024 அக்டோபரில் கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா திறக்கப்பட்டது. தனியாரிடமிருந்து நிலத்தை மீட்டது பாராட்டத்தக்கது. திறக்கப்பட்டபோது அறிவிக்கப்பட்ட நுழைவுக் கட்டணம் பெரியவர்களுக்கு 100 ரூபாய், சிறுவர்களுக்கு 50 ரூபாய். உள்ளே பறவையகத்திற்கும் கண்ணாடி மாளிகைக்கும் தனித்தனிக் கட்டணம். பெற்றோரும் இரண்டு பிள்ளைகளுமாக ஒரு குடும்பம் வாயிலைத் தாண்டவே 300 ரூபாய் வேண்டும். இதே அரசுதான் 2021 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் அளித்து, இந்தியாவுக்கே முன்மாதிரி என்று பெருமை கொள்கிறது. பெருமைக்குரியதுதான். பெரும்பாக்கத்திலிருந்து ஒரு தாய் காசில்லாமல் கதீட்ரல் சாலைவரை வந்து சேரலாம். வந்து சேர்ந்த பின் வாயிலுக்கு வெளியே நிற்கலாம்.

கிண்டியில் நிலைமை வேறு வகையானது. நகரத்தின் நடுவே எஞ்சியிருக்கும் காடு அது. கிண்டி தேசியப் பூங்கா சுமார் 270 ஹெக்டேர். அதையொட்டி, அதே காட்டிலிருந்து பிரித்தெடுத்த சுமார் 250 ஹெக்டேரில் 1959இல் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் நிறுவப்பட்டது. மற்றொரு பக்கம் ஆளுநர் மாளிகை. பொதுமக்கள் கட்டணம் செலுத்திக் காண்பது சிறுவர் இயற்கைப் பூங்கா என்னும் சிறு பகுதியை மட்டுமே. தேசியப் பூங்காவின் உட்பகுதியில் கட்டுப்பாடு தேவை என்பதை நாம் மறுக்கவில்லை; வெளிமான்களுக்கும் ஓர் இடம் வேண்டும். ஆனால் காட்டின் ஏறத்தாழ ஒரு பாதி, நுழைவுத் தேர்வில் வென்றவர்களும் அவர்களுடைய பேராசிரியர்களும் மாலையில் உலவும் வளாகமாக இருக்கிறது. இவ்வளாகத்திற்குள் புள்ளிமானைப் பார்த்தபடி வளரும் குழந்தை யாருடையது என்பதற்கு, அந்நிறுவனத்தின் ஆசிரியர் பணியிடங்களில் தலித், பழங்குடி மக்களின் பங்கு குறித்து நெடுங்காலமாக நடந்துவரும் விவாதமே விடை சொல்லும்.

நேரமும் ஒரு வாயில்தான். இயற்கை உலா காலை ஆறு மணிக்குத் தொடங்குகிறது. பறவைகளின் நேரம் அது என்பதால் வேறு வழியில்லை. அதே ஆறு மணிக்கு மறுகுடியமர்வுப் பகுதிப் பெண்கள் வீட்டு வேலைக்காக நகரத்தை நோக்கிப் பேருந்தில் நின்றுகொண்டிருக்கிறார்கள். தூய்மைப் பணியாளர்கள் அதற்கும் முன்பே தெருவில் இருக்கிறார்கள். 2025 ஆகஸ்டில், பணி தனியார்மயமாவதை எதிர்த்து ரிப்பன் மாளிகை முன் நடைபாதையில் 13 நாட்கள் அமர்ந்திருந்தவர்களை நள்ளிரவில் காவல்துறை அப்புறப்படுத்தியதை நாம் அறிவோம். அந்த ரிப்பன் மாளிகை நிற்பதே, பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆளுநர் டிரெவெல்யன் காலத்தில் உருவான ‘மக்கள் பூங்கா’வின் நிலத்தில்தான். மக்கள் பூங்கா கரைந்து கட்டடங்களாயிற்று. அதன் நடைபாதையில் உட்காரவும் மக்களுக்கு இடமில்லை என்றாயிற்று. வாரத்தில் ஒருநாள் ஊதியத்துடன் கூடிய உறுதியான விடுப்பு இல்லாதவருக்கு இயற்கை உலா பற்றிய அறிவிப்பு எந்த மொழியில் வந்தால் என்ன? பெரும்பாலும் அது ஆங்கிலத்தில் வருகிறது என்பது வேறு.

இனி, ‘குடும்பம்’ என்ற சொல். பூங்காக்களில் தனியே அமர்ந்து பேசும் இளம் இணையரை எழுப்பி விரட்டுவது காவலர்களின் அன்றாட வேலையாகவே இருக்கிறது. குடும்பத்தார் வந்து போகும் இடம் என்பதே அதற்குச் சொல்லப்படும் நியாயம். 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு மலைக்கோயிலில் வகுப்புத் தோழியுடன் பேசிக்கொண்டிருந்த குற்றத்திற்காகவே பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். 2022இல் யுவராஜ் உள்ளிட்ட பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. ஒரு தலித் இளைஞர் வேறு சாதிப் பெண்ணுடன் ஒரு பொது இடத்தில் நடந்து செல்வது, பேசுவது என்பது இந்த மாநிலத்தில் இன்னும் உயிரைப் பணயம் வைக்கும் செயல். இத்தகைய சமூகத்தில் ‘குடும்பத்தினருக்கு மட்டும்’ என்ற பலகை நடுநிலையானதன்று. எது குடும்பம் என்பதைச் சாதிதான் தீர்மானிக்கிறது. பலகை அந்தத் தீர்ப்பை வழிமொழிகிறது.

நம் தோழர்களிடமிருந்தே எழும் ஒரு மறுப்பு உண்டு. குடியிருக்க வீடில்லை, கழிவுநீர்த் தொட்டியில் சாவு நிற்கவில்லை, இந்நிலையில் பறவை பார்ப்பதற்கு உரிமை கோருவதா என்பது அது. மறுப்பில் நியாயமான கோபம் இருக்கிறது. ஆனால் மகத் குளத்திற்கு மக்களை அழைத்துச் சென்ற அண்ணல் அம்பேத்கர், அந்த நீரைக் குடிக்காவிட்டால் உயிர்வாழ முடியாது என்பதற்காக அங்கே போகவில்லை என்பதைத் தெளிவாகவே சொன்னார். அது சமத்துவத்தை நிலைநாட்டும் செயல். மேலும், உழைப்பைத் தவிர வேறு எந்த வகையிலும் நிலத்தோடு உறவு கொள்ளத் தலித் மக்களுக்கு அனுமதி இருந்ததில்லை. வயலில் நின்றார்கள், நாற்று நட. தோப்பில் நுழைந்தார்கள், காய் பறிக்க. ஏரிக்கு வந்தார்கள், மதகு பார்க்க, தூர் எடுக்க. வேலை முடிந்த பின்னும் அங்கே நின்றால் கேள்வி வந்தது. ஒரு மரத்தடியில் வேலையின்றி நிற்பதும், நீரை வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பதும் சாதியச் சமூகம் தனக்கென வைத்துக்கொண்ட சலுகைகள். ‘பொழுதுபோக்கு’ என்று நாமே அதை ஒதுக்கிவிடுவது அந்தப் பங்கீட்டை ஏற்றுக்கொள்வதாகும்.

இந்த உழைப்பின் வழியே சேர்ந்த அறிவைப் பற்றியும் சொல்ல வேண்டும். எந்த நீரில் எந்தக் கோரை முளைக்கும், எந்த மாதத்தில் எந்தப் பறவை இறங்கும், வெள்ளம் எந்தப் பக்கம் திரும்பும் என்பதைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய ஊர்களில் மாடு மேய்த்த, மீன் பிடித்த முதியவர்கள் அறிவார்கள். பாம்பைப் பற்றி இருளர்கள் அறிந்ததை உலகம் ஒப்புக்கொண்டு, 2023இல் மாசி சடையன், வடிவேல் கோபால் ஆகிய இருவருக்கும் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. ஆயினும் இயற்கை உலாக்களில் வழிகாட்டியின் இடத்தில் இத்தகையோர் நிற்பதை எத்தனை முறை கண்டிருக்கிறோம்? ஒரு பறவையின் லத்தீன் பெயரைச் சொல்பவருக்கு ஊதியம் இருக்கிறது. அதற்கு ஊரில் வழங்கும் பெயரைச் சொல்பவர் தகவலாளியாகக்கூடக் குறிக்கப்படுவதில்லை.

தீர்வாகப் பேசப்படுவது பெரும்பாலும் சுற்றுலா. ஆதிதிராவிடர் நலப் பள்ளி மாணவர்களை ஒருநாள் பேருந்தில் அழைத்து வந்து, தொப்பி கொடுத்து, படம் எடுத்து, திருப்பி அனுப்புவது. விருந்தாளியாக வருவது வேறு, உரிமையாளராக வருவது வேறு. பொது நிதியால் நடக்கும் பூங்காக்களில் நுழைவுக் கட்டணத்தை நீக்குமாறு மாமன்றத்திலும் சட்டமன்றத்திலும் நம் பிரதிநிதிகள் கேட்க வேண்டும். சிறப்புக் காட்சிகளுக்குக் கட்டணம் இருந்துவிட்டுப் போகட்டும், நடப்பதற்கு வேண்டாம். மறுகுடியமர்வுப் பகுதிகளுக்குள்ளேயே நிழலும் விளக்கும் கழிப்பறையும் உள்ள பூங்காக்கள் வேண்டும். ஆற்றங்கரையில் பூங்கா அமைக்கும் ஒவ்வொரு திட்ட அறிக்கையிலும், அந்தக் கரையிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் எத்தனை, இப்போது எங்கே இருக்கின்றன என்ற விவரம் இடம்பெற வேண்டும். பூங்காவின் வாயிலில் அந்தக் குடியிருப்பின் பெயர் பொறிக்கப்பட வேண்டும்.

கல்லூரி மாணவர்கள் இதற்கு அரசாணைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அம்பேத்கர் வாசகர் வட்டங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பெரும்பாக்கத்தில் தொடங்கலாம். கூவக்கரையில் பிறந்து அங்கே வந்து சேர்ந்த பெரியவர்களையும், அடுக்ககங்களில் பிறந்த பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு ஈரநிலம்வரை நடக்கலாம். பணிக்குச் செல்லும் பெண்களுக்கு ஏற்ற நேரம் எது என்று அவர்களிடமே கேட்கலாம். மாலை என்றால் மாலை, நாரைகள் மாலையிலும் வரும்.