கை வரலை என்று சொல்லும் முன்

பத்து, இருபது ரூபாய் பிளாஸ்டிக் துண்டு. நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது. சோபா இடுக்கில் விழுந்தால் தேடக்கூட மாட்டோம். கிட்டார் பிக்கைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை தேவையா என்று கேட்டால், தேவை என்றே சொல்வேன். அந்தத் துண்டை யார், எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதில் நம் ஊர் இசை வகுப்புகளின் ஒரு பழைய நோய் தெரிகிறது. மாணவனின் காதைக் கேட்காமல் அவன் கையைப் பற்றித் தீர்ப்பு எழுதுகிற நோய்.

நான் இருப்பது காட்டுப்பாக்கத்தில். ஐயப்பன்தாங்கலிலிருந்து குமணன்சாவடி வரை மெட்ரோ தூண்களின் இரண்டு பக்கமும் மாடிக்கு மாடி வகுப்புப் பலகைகள்: கிட்டார், கீபோர்டு, பரதம், அபாகஸ், ஹிந்தி. சனி ஞாயிறுகளில் முதுகில் கறுப்பு உறையோடு பிள்ளைகள் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்குவதைப் பார்க்க எனக்குச் சந்தோஷம்தான். நான் பொறியியல் படித்த காலத்தில் இந்தப் பக்கம் கிட்டார் வேண்டுமென்றால் மவுண்ட் ரோடு போக வேண்டும். ஆனால் இந்த வகுப்புகளில் பிக்கைப் பற்றி நிலவுவது இரண்டே இரண்டு விதி. ஒன்று, ஆரம்பிக்கிறவனுக்கு மெலிசு பிக். இரண்டு, பேஸ் கிட்டார் என்றால் விரல்தான், பிக் தொடக்கூடாது. ஏன் என்று கேட்டால் "அப்படித்தான் சார்" என்பார்கள். இரண்டுமே விதியாகச் சொல்லத் தகுதியில்லாதவை என்பது என் வாதம்.

முதல் விதிக்கு ஒரு நியாயம் இருப்பதை மறுக்கவில்லை. மெல்லிய பிக், அதாவது 0.46 அல்லது 0.50 மி.மீ. தடிமன் உள்ளது, தந்தியில் பட்டதும் வளைந்து கொடுத்துவிடும். மணிக்கட்டை எப்படி வீசினாலும் ஆறு தந்திகள் மேலும் வழுக்கிக்கொண்டு போகும். நாலு கார்டு பிடிக்கத் தெரிந்த பையன் மூன்றாவது மாதமே ஒரு சினிமாப் பாட்டுக்குத் தாளம் தட்டிவிடலாம். அப்பா அம்மா வீடியோ எடுப்பார்கள், அடுத்த மாத ஃபீஸ் வந்துவிடும். வகுப்பு நடத்துகிறவரும் வாடகை கட்ட வேண்டியவர்தானே. தாளம் தட்டுவது மட்டும்தான் நோக்கமென்றால் மெலிசு பிக் நல்ல கருவி. பின்னணியில் அகூஸ்டிக் கிட்டாரின் அந்தச் 'சிலுசிலு' வேண்டுமென்றால் கைதேர்ந்தவர்களே அதைத்தான் எடுப்பார்கள்.

சிக்கல் பையன் ஒரு மெட்டை வாசிக்க ஆசைப்படும்போது ஆரம்பிக்கிறது. ஒவ்வொரு தந்தியாக, ஒவ்வொரு ஸ்வரமாக. அங்கே கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும்.

ஒரு தகட்டின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிக்கு ஏற்ப ஏறும். முதலாம் ஆண்டு பொறியியலில் எல்லாரும் படித்து மறந்த விஷயம். ஒரே பொருளில் 0.50 மி.மீ. பிக்கை விட 1.00 மி.மீ. பிக் இரண்டு மடங்கு விறைப்பு என்று தோன்றும். உண்மையில் எட்டு மடங்கு. 0.73-லிருந்து 0.88-க்கு மாறினால் கூடுவது 0.15 மி.மீ. மட்டுமே, ஏறக்குறைய ஒன்றரை ஜெராக்ஸ் தாளின் கனம். விறைப்பு மட்டும் முக்கால் பங்கு கூடிவிடுகிறது. உலகம் முழுக்கப் புழங்கும் டன்லப் கம்பெனியின் டார்டெக்ஸ் பிக்குகள் சிவப்பு 0.50, ஆரஞ்சு 0.60, மஞ்சள் 0.73, பச்சை 0.88, நீலம் 1.00, ஊதா 1.14 என்று நிறம் பிரித்து வருவது அழகுக்காக இல்லை. பக்கத்துப் பக்கத்து நிறங்களே கைக்கு வேறு வேறு கருவிகள்.

அதே கணக்கு நீளத்துக்கும் பொருந்தும், தலைகீழாக. விரலுக்கு வெளியே பிக் 8 மி.மீ. நீட்டிக்கொண்டிருப்பதற்கும் 4 மி.மீ. நீட்டிக்கொண்டிருப்பதற்கும் விறைப்பில் மறுபடி எட்டு மடங்கு வித்தியாசம். பிக்கை எவ்வளவு வெளியே விட்டுப் பிடிக்கிறோம் என்பது எந்தப் பிக்கை வாங்கினோம் என்பதற்குச் சமமான கேள்வி. இதை முதல் வகுப்பிலேயே ஐந்து நிமிடத்தில் காட்டிவிடலாம். நான் விசாரித்த பிள்ளைகளில் ஒருவருக்கும் யாரும் காட்டியிருக்கவில்லை.

மெலிசு பிக்கில் ஒற்றை ஸ்வரம் வாசிக்கும்போது நடப்பது இதுதான். கை முடிவெடுத்த கணத்துக்கும் தந்தி விடுபடுகிற கணத்துக்கும் நடுவில் பிக் வளைந்து நிமிர நேரம் எடுத்துக்கொள்கிறது. ஓங்கி அடித்தாலும் மெல்லத் தொட்டாலும் ஏறக்குறைய ஒரே சத்தம், ஏனென்றால் மிச்ச விசையை பிளாஸ்டிக் விழுங்கிவிடுகிறது. ஸ்வரத்தோடு ஒரு 'டிக்' ஓசையும் சேர்ந்து வரும். வேகம் கூட்டினால் தாளம் தப்பும். இத்தனையும் கருவியின் குணம். பழி விழுவது கையின் மேல்.

எங்கள் அடுக்ககத்தில் எட்டாவது படிக்கும் ஒரு பெண். ஒன்றரை வருடமாக வகுப்புக்குப் போகிறாள். லிஃப்டில் பார்த்தபோது, "நிறுத்திட்டேன் அங்கிள். எனக்குக் கை வரலையாம்" என்றாள். யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. வீட்டில் அவள் கிட்டாரை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். இடது கை விரல்கள் சுத்தமாக, சரியான இடத்தில், சரியான நேரத்தில் விழுந்தன. வலது கையில் காகிதம் மாதிரி ஒரு பிக். முதல் நாள் கொடுத்தது. அதற்கு மேல் தடிமன் என்று ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது. என்னிடமிருந்த 0.88-ஐக் கொடுத்தேன். அதனால் அவள் ஒரே நாளில் மேதையாகிவிடவில்லை. முதலில் தந்தியில் மாட்டிக்கொண்டு தடுமாறினாள். ஆனால் ரெண்டாவது நாள், "மெதுவா அடிச்சா மெதுவா கேக்குது அங்கிள்" என்றாள். ஒன்றரை வருடத்தில் அவள் தன் கைக்கும் சத்தத்துக்கும் உள்ள உறவைக் கேட்டது அன்றுதான். அவள் மறுபடி வகுப்புக்குப் போகவில்லை. "கை வரலை" என்ற சொல் ஒரு தடவை விழுந்துவிட்டால் எந்தப் பிக்கைக் கொடுத்தும் அதை எடுக்க முடியாது.

என் கோபம் இங்கேதான். 'கை வருவது' என்பதை நாம் பிறவிக்குணம் போலப் பேசுகிறோம். பத்து ரூபாய் உபகரணத்தை மாற்றிப் பார்க்காமல் ஒரு பன்னிரண்டு வயதுக் குழந்தையிடம் அதைச் சொல்ல நமக்குக் கூசுவதில்லை.

இரண்டாவது விதி இன்னும் வேடிக்கை. 'உண்மையான' பேஸ் வாசிப்பவன் விரலால்தான் வாசிப்பான், பிக் வைத்திருப்பவன் கிட்டார் வராமல் பேஸுக்கு வந்தவன் என்று ஒரு நம்பிக்கை. லைட் மியூசிக் குழுக்களில், சர்ச் பாடகர் குழுக்களில், கல்லூரி விழா மேடைகளில் எல்லாம் இது ஓடுகிறது. கேட்டால் ஜேம்ஸ் ஜேமர்சன் பேரைச் சொல்வார்கள். மோடவுன் பாடல்களின் பேஸை வலது கையின் ஒற்றை ஆள்காட்டி விரலால் வாசித்த மகா கலைஞர், சந்தேகமே இல்லை. அதே காலத்தில் லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டுடியோக்களில் கேரல் கே என்ற பெண்மணி இருந்தார். கிட்டார் கலைஞர். 1963-இல் ஒரு ஒலிப்பதிவுக்கு பேஸ் வாசிப்பவர் வராமல் போக, அந்த இடத்தில் உட்கார்ந்தவர் பிறகு அமெரிக்கப் பாப் இசையின் முக்கியமான பேஸ் கலைஞர்களில் ஒருவரானார். கெட்டியான பிக்கால் வாசித்தே ஆனார். பால் மெக்கார்ட்னி கையிலும் பெரும்பாலும் பிக்தான். இந்தப் பக்கம் வெஸ் மாண்ட்கோமரி ஜாஸ் கிட்டாரைப் பிக்கே இல்லாமல் கட்டைவிரலால் வாசித்தார். பிரையன் மே பழைய ஆறு பென்ஸ் நாணயத்தால் வாசிக்கிறார். இவர்களில் யார் 'உண்மையானவர்' இல்லை?

நம்ம ஊர் நிலவரத்தில் பேஸுக்குப் பிக்கை ஆதரிக்க எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. நான்கு தந்தி பேஸின் அடித்தந்தியைத் திறந்து மீட்டினால் வருவது சுமார் 41 ஹெர்ட்ஸ். பையில் இருக்கும் செல்போனின் ஸ்பீக்கரால் அதைக் கிட்டத்தட்ட எழுப்பவே முடியாது. ஆனாலும் போனில் பாட்டுக் கேட்கும்போது பேஸ் நமக்குக் கேட்பது எப்படி? 82, 123, 164 என்று மேலே அடுக்கடுக்காக வரும் மடங்குச் சுரங்களைக் கேட்டு, அடியில் இருக்க வேண்டியதை மூளையே ஊகித்துக்கொள்கிறது. கடினமான பிக் தந்தியை ஒரு குறுகிய புள்ளியில் சட்டென்று விடுவிப்பதால் அந்த மேல்சுரங்கள் அதிகமாக எழும். விரலின் மெத்தென்ற சதை அவற்றில் பலவற்றை அமுக்கிவிடும். எதிரொலிக்கும் கல்யாண மண்டபத்தில் விரல் வாசிப்பு வெறும் 'கும்'மென்று கரைந்து, எந்த ஸ்வரம் என்றே தெரியாமல் போவதை எல்லாரும் கேட்டிருக்கிறோம். அங்கே பிக் எடுப்பது சோம்பேறித்தனம் ஆகாது, கேட்பவர் மேல் வைக்கிற மரியாதை. அமைதியான அறையில் ஒரு மெதுவான பாட்டுக்கு விரல்தான் வேண்டுமென்றால் விரல். பாட்டும் இடமும் முடிவு செய்யட்டும். பேஸ் வரிகளைத் தனியாக முணுமுணுக்கும் அளவுக்கு இளையராஜாவின் பாடல்கள் காதைத் திறந்துவிட்ட ஊர் இது. இங்கே பேஸ் வாசிக்க வருகிறவனுக்குக் காதால் முடிவெடுக்கத் தெரியாது என்று யார் தீர்மானித்தது?

விரல் சுத்தம், கருவி அசுத்தம் என்கிற இந்த மனோபாவத்துக்கு நம் மரபிலும் ஆதாரமில்லை. வீணையை நகத்தால் வாசிப்பவர்களும் உண்டு, விரலில் கம்பி மாட்டி வாசிப்பவர்களும் உண்டு. இரண்டுக்கும் நாதம் வேறு, இரண்டும் வீணைதான். சித்தாருக்குக் கம்பியில் செய்த மிஸ்ராப். சரோதுக்கு ஜவா என்ற பிக், அது பெரும்பாலும் கொட்டாங்குச்சியில் செய்தது. மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் எட்டுத் தந்தி இரட்டை அமைப்பை விட்டுவிட்டு ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட மின் மாண்டலினுக்கு வந்தார், கர்நாடக கமகத்தைப் பிக்கால் வாசித்துச் சபைகளைத் தலையாட்ட வைத்தார். 2014-இல் நாற்பத்தைந்து வயதில் அவர் போனது வரைக்கும், "பிக்கால வாசிக்கிறது சங்கீதமா" என்ற கேள்விக்கு அவர் வாசிப்பே பதிலாக இருந்தது.

இதைப் படித்துவிட்டு, "ஆக, சரியான பிக் வாங்கினால் போதும்" என்று கிளம்புகிறவர்கள்மேலும் எனக்குப் பிரியம் கிடையாது. என் தொழிலில் இவர்கள் அதிகம். கிட்டாரைத் தொடுவதற்கு முன் விவரப் பட்டியல் படிப்பார்கள். உலகத்தில் மூவாயிரம் ரூபாயைத் தாண்டும் பிக்கும் விற்கிறது, அதையும் வாங்குவார்கள். முன்பு ஆமை ஓட்டுக்கு இருந்த மோகமும் இதே வகை. நம் மன்னார் வளைகுடாவிலும் வாழும் அழுங்காமையின் ஓட்டில்தான் அந்தக் காலத்து உசத்தியான பிக்குகள் செய்யப்பட்டன. 1922-லேயே நியூயார்க்கில் லூயிஜி டி'ஆண்ட்ரியா செல்லுலாய்டு தகட்டை அச்சில் வெட்டி மாற்று கொண்டுவந்துவிட்டார். இன்று அந்த ஓட்டு வணிகம் சட்டப்படி குற்றம். ஆமை ஓடு போனதால் இசை ஒன்றும் நின்றுவிடவில்லை. இன்னொரு கட்சி இதற்கு நேரெதிர்: "எல்லாம் கைல இருக்கு, பிக் எதுவா இருந்தா என்ன?" கேட்க ஞானம் மாதிரி இருக்கும். பல வருடம் வாசித்த கைக்கு அது ஓரளவு உண்மையும்கூட, எந்தப் பிக்கையும் பிடிமானத்தால் சரிக்கட்டிக்கொள்ளும். அந்தக் கை இன்னும் உருவாகாத குழந்தையிடம் அதைச் சொல்வது கைகழுவுவதுதான்.

தேர்ந்தெடுக்க வழி எளிது. கடையில் உதிரியாகக் கிடைத்தால் 0.50, 0.73, 0.88, 1.14 என நாலு வாங்குங்கள். இணையத்தில் பெரும்பாலும் ஒரே தடிமனில் பன்னிரண்டு வரும், அதை வாங்காதீர்கள். அதுவும் முடியாதென்றால் காலாவதியான ஏடிஎம் கார்டு போதும். உலகம் முழுக்க அதன் தடிமன் 0.76 மி.மீ. கத்தரியால் வெட்டி, உப்புத்தாளில் ஓரத்தைத் தேய்த்து, ஜீன்ஸில் உரசினால் நடுத்தரமான ஒரு பிக் தயார். முனையைக் கூராக்கினால் சத்தம் கூர்மையாகும், மழுக்கினால் இதமாகும். ஒரே கார்டில் நாலைந்து முனை செய்து பார்க்கலாம். பேஸுக்கு இது பத்தாது. அதன் அடித்தந்தி கிட்டாரின் மெல்லிய தந்தியைப் போலப் பத்து மடங்கு தடிமன். 1 மி.மீ.-க்கு மேல், அகலமாக, கையில் நிற்கிறதாகப் பாருங்கள்.

வெளிநாட்டுக்காரர்கள் அதிகம் பேசாத ஒன்று: வியர்வை. மே மாதம் மாலை ஆறு மணிக்குக் கரண்ட் போன காட்டுப்பாக்கத்தில், வழவழப்பான பிக் இரண்டாவது பாட்டிலேயே விரலுக்குள் சுற்ற ஆரம்பித்துவிடும். அதைத் தடுக்க இறுக்கிப் பிடிப்போம், இறுக்கினால் மணிக்கட்டு விறைக்கும், வாசிப்பு கெடும். மேற்பரப்பு சொரசொரப்பாக உள்ளதை எடுங்கள், அல்லது பிடிக்கும் இடத்தை உப்புத்தாளால் தேயுங்கள். ஊசியைக் காய்ச்சி ஓட்டை போடும் பழக்கம் வேண்டாம். செல்லுலாய்டு என்றால் குப்பென்று பற்றிக்கொள்ளும்.

பிறகு ஒரே மெட்டின் நாலு ஸ்வரத்தை ஒவ்வொரு பிக்காலும் வாசியுங்கள். மெல்லத் தொடும்போது மெல்லவும் ஓங்கும்போது ஓங்கியும் கேட்கிறதா? 'டிக்' முந்துகிறதா, ஸ்வரம் முந்துகிறதா? பிடியை உள்ளே தள்ளினால் என்ன ஆகிறது? பத்து நிமிடம் ஆகாது. மாணவன் தன் சத்தத்தைப் பற்றித் தானே எடுக்கிற முதல் முடிவு இதுதான். அதை ஆசிரியர் எடுத்துக்கொடுத்தால் கார்டு, தாளம், பாட்டு எல்லாவற்றுக்கும் அவன் ஆசிரியர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான்.

வகுப்பு நடத்துகிற நண்பர்களே, கேட்பது பெரிய விஷயமில்லை. முதல் நாள் மேசையில் நாலு பிக்கைப் பரப்புங்கள். "எது உனக்கு நல்லா கேக்குது?" என்று கேளுங்கள், அவன் காட்டுவதை ஒரு மாதம் வாசிக்க விடுங்கள். மெலிசுதான் வேண்டும் என்று அவன் சொன்னால் மெலிசையே கொடுங்கள். யாருக்காவது கை வரவில்லை என்று தோன்றினால், வீட்டுக்கு போன் செய்வதற்கு முன் அந்தக் கையில் என்ன இருக்கிறதென்று வாங்கிப் பாருங்கள்.