ஒரு மணித்தியாலத் தூரம்

கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் எவ்வளவு தூரம்? வீதியால் போய் வந்தவர்களைக் கேட்டால் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் என்பார்கள். இரவு பஸ்ஸில் ஏறினால் விடியும்போதுதான் போய்ச் சேரலாம்.

தோழியரே, இப்போது உங்கள் புவியியல் படப்புத்தகத்தை விரித்துப் பாருங்கள். நமது கொலன்னாவைக்கு அருகிலுள்ள இரத்மலானை விமான நிலையம் வட அகலக்கோடு 6.8 பாகையில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையம் 9.8 பாகையில் இருக்கிறது. இரண்டும் ஏறக்குறைய ஒரே நெடுங்கோட்டில் உள்ளன. ஒரு பாகைக்குச் சுமார் 111 கிலோமீற்றர் என்றால், மூன்று பாகைக்கு ஏறத்தாழ 330 கிலோமீற்றர். மணிக்கு 500 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் சிறிய விமானம் இதை நாற்பது நிமிடத்தில் கடக்கும். ஓடுபாதையில் ஓடி மேலேறவும் இறங்கவும் எடுக்கும் நேரத்தைச் சேர்த்தால் ஒரு மணித்தியாலம்.

இந்த வான்வழி புதியதன்று. 1947 டிசெம்பர் 10இல் எயார் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணம் வழியாகத்தான் சென்னைக்குப் பறந்தது. பின்னர் யுத்தம் வந்தது. தரைவழி மூடப்பட்ட காலங்களில் பாதுகாப்பு அமைச்சின் அனுமதியோடுதான் மக்கள் பறந்தார்கள். 1998 செப்டெம்பர் 29இல் பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட விமானம் 55 பேரோடு கடலில் வீழ்ந்தது. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று புத்தளத்திலும் கொழும்பிலும் வாழ்கிறார்கள். சிலர் ஊர் திரும்பிவிட்டதால் ஒரே குடும்பம் இரண்டு ஊர்களில் இருக்கிறது.

2022 ஜூலையில் இரத்மலானை–பலாலி சேவை மீண்டும் தொடங்கியபோது, “பஸ்ஸும் புகையிரதமும் இருக்க, விமானம் பணக்காரருக்குத்தானே?” என்று கேட்டவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் வாப்பும்மா மௌத்தானார் என்று காலையில் செய்தி வருகிறது. அஸருக்குப் பின் நல்லடக்கம். எட்டு மணித்தியாலம் பஸ்ஸில் போகும் பேத்திக்கு அவர் முகம் பார்க்கக் கிடைக்காது. கொழும்பில் அவசரச் சிகிச்சை வேண்டிய நோயாளிக்கும் இதே நிலைதான்.

பலாலியிலிருந்து திருச்சி சுமார் 180 கிலோமீற்றர்தான், கொழும்பை விடக் கிட்ட. கடல் கடந்த ஊர்களுக்கு விமானம் விடுவது நல்லதே. ஆனால் நாட்டுக்குள் இருக்கும் உறவுகளுக்கும் அந்த வழி திறந்திருக்க வேண்டும்.

தினமும் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று நேரம் தவறாத சேவை வேண்டும். மாணவருக்கும் நோயாளிக்கும் மரண வீட்டுக்குப் போவோருக்கும் சில ஆசனங்களையாவது சலுகைக் கட்டணத்தில் ஒதுக்க வேண்டும். இதை அரசிடம் கேட்க வேண்டியவர்கள் நாமே. பெற்றோர்களே, வாக்குக் கேட்டு வீட்டுக்கு வருகிறவர்களிடம் அடுத்த முறை இதையும் கேளுங்கள்.