மையவாடியும் ஊர்ச் சரித்திரமும்



எமது ஊர்களில் சந்தூக்கு வீட்டு வாசலைத் தாண்டியதும் பெண்களின் பங்கு முடிந்துவிடுகின்றது. பெண் மையித்தென்றால் குளிப்பாட்டிக் கபனிடுவது நாங்கள்தான். அதற்கப்பால் மையவாடி ஆண்களின் இடம். ஆனால் அங்கே யார் யார் அடங்கியிருக்கிறார்கள் என்ற கணக்கு பெரும்பாலும் பெண்களின் நெஞ்சிலேயே இருக்கின்றது. எந்தப் பிள்ளை வயிற்றில் இருந்தபோது மாமனார் வஃபாத்தானார், எந்தக் குழந்தை பிறந்து மூன்றாம் நாள் மௌத்தானது என்பதெல்லாம் எமது உம்மும்மாமாருக்கு மனப்பாடம். அந்தக் கணக்கு எழுத்தில் ஏறாமல் போனால் ஊரின் சரித்திரத்தில் ஒரு பெரும் பகுதி அவர்களோடு மண்ணுக்குள் போய்விடும்.

ஒரு கல்லும் ஒரு பெயரும் எவ்வளவு பேசும் என்பதற்குக் கொழும்பில் கிடைத்த பழைய கப்றுக் கல் ஒன்று சாட்சி. கூஃபி எழுத்தில் பொறிக்கப்பட்ட அக்கல்லில் ஹிஜ்ரி 337 என்ற ஆண்டு இருக்கின்றது. அது கி.பி. 948ஐ ஒட்டிய காலம். இலங்கையின் பிரதம நீதியரசராக இருந்த ஸேர் அலெக்ஸாண்டர் ஜோன்ஸ்டன் அதுபற்றி எழுதிய குறிப்பு 1827இல் லண்டனில் வெளியானது. ஆயிரம் வருடங்களுக்கு முன்னரே இந்த மண்ணில் முஸ்லிம்கள் வாழ்ந்து மரணித்தார்கள் என்று சொல்ல, இன்றும் அந்த ஒரு கல்லையே எல்லோரும் எடுத்துக் காட்டுகிறார்கள்.

ஆனால் எமது கிராமத்து மையவாடிகளில் பெயர் பொறித்த கற்கள் குறைவு. கப்றைப் பூசி மெழுகுவதையும் அதன்மேல் கட்டடம் எழுப்புவதையும் மார்க்கம் தடுத்திருக்கின்றது. ஒரு மீஸானை நட்டுவிட்டு வருவதே வழக்கம். மரத்தில் நட்டால் கறையான் அரிக்கும். கல்லாக இருந்தாலும் மண் மூடும். இட நெருக்கடி உள்ள ஊர்களில் பழைய கப்று இருந்த இடத்திலேயே வேறொருவரை அடக்கவும் நேரிடும். அதேவேளை, அடையாளம் வைத்திருப்பதில் தவறில்லை. உஸ்மான் இப்னு மழ்ஊன் (ரழி) அவர்களை அடக்கியபோது, தம் சகோதரரின் கப்றை அறிந்துகொள்வதற்காக நபி (ஸல்) அவர்கள் தமது கையாலேயே தலைமாட்டில் ஒரு கல்லை வைத்ததாக ஹதீஸில் வருகின்றது.

அடையாளத்தின் அருமையை எமக்கு நன்றாக உணர்த்தியவர்கள் வடக்கு முஸ்லிம்கள். 1990 ஒக்டோபர் மாதக் கடைசியில் விடுதலைப் புலிகள் அவர்களை வெளியேற்றியபோது, வீட்டையும் பள்ளிவாசலையும் விட்டதுபோல் மையவாடியையும் விட்டுவந்தார்கள். 2009இல் யுத்தம் முடிந்த பின்னர் மீளச் சென்ற பலர் தம் ஊர்களைக் காடு மூடியிருக்கக் கண்டார்கள். புத்தளத்து அகதி முகாமில் பிறந்த பிள்ளைக்கு, “இதுதான் உன் அப்பாவை அடக்கிய இடம்” என்று காட்ட, 1990இல் விபரம் தெரிந்த வயதில் இருந்தவர்களே வேண்டியிருந்தது.

எம் காலத்திலேயே உருவாகிச் சரித்திரமாகிவிட்ட மையவாடி ஒன்றும் உண்டு. கொவிட் நோயால் மரணித்தோரை எரிக்க வேண்டும் என்று 2020 ஏப்ரலில் வர்த்தமானி அறிவித்தல் வந்ததையும், அவ்வருடம் டிசம்பரில் பிறந்து 20 நாளேயான பாலகனை எரித்தபோது கொழும்பு கனத்தை மயான வேலியில் மக்கள் வெள்ளைத் துணி கட்டியதையும் எந்தத் தாய் மறப்பாள்? 2021 பெப்ரவரி 25இல் அடக்க அனுமதி கிடைத்தது. மார்ச் 5 முதல், மட்டக்களப்பு மாவட்டத்தில் ஓட்டமாவடியைச் சேர்ந்த மஜ்மா நகரில் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. கொழும்பிலும் கண்டியிலும் காலியிலும் மரணித்தவர்கள் அந்தக் கிராமத்துக்கே கொண்டுவரப்பட்டார்கள். கூடச் செல்லக் குடும்பத்தில் மிகச் சிலருக்கே அனுமதி. ஒரு வருடத்தில் 3,600க்கும் மேற்பட்டோர் அங்கே அடக்கப்பட்டனர். முஸ்லிம்கள் மட்டுமல்ல, இந்துக்களும் பௌத்தர்களும் கிறிஸ்தவர்களும் அங்கே இருக்கிறார்கள். 2022 மார்ச்சில் அந்த ஏற்பாடு முடிவுக்கு வந்தது. கட்டாயத் தகனத்துக்காக மன்னிப்புக் கோர 2024 ஜூலையில் அமைச்சரவை தீர்மானித்தது.

இன்று அங்கு போகிறவருக்கு உம்மாவின் கப்று எந்த வரிசையில் என்பது தெரியும். நாற்பது வருடம் கழித்துப் பேரப்பிள்ளை போனால் தெரியுமா? “எங்கள் உம்மும்மா ஏன் இவ்வளவு தூரத்தில் அடங்கியிருக்கிறா?” என்று அவன் கேட்டால், பதில் சொல்ல வீட்டில் ஒரு எழுத்து இருக்க வேண்டாமா?

ஆகவே சகோதரிகளே, ஒரு சாதாரண அப்பியாசக் கொப்பியை எடுங்கள். வீட்டில் மூத்தவரின் பக்கத்தில் இருந்து கேளுங்கள். மரணித்தவரின் பெயர், ஊரார் அழைத்த பட்டப்பெயர், வாப்பாவின் பெயர், எந்த ஊரிலிருந்து வந்து குடியேறினார், என்ன தொழில் செய்தார் என்று எழுதுங்கள். ஆண்டு தெரியாவிட்டால் 1957 வெள்ளத்துக்கு முந்தியா, 1978 சூறாவளிக்குப் பிந்தியா என்று கேட்டால் நினைவு வரும். 2004 சுனாமியில் பலரோடு சேர்த்து ஒரே குழியில் அடக்கப்பட்டவர்களையும், பெயர் வைத்ததும் போய்விட்ட குழந்தைகளையும் விட்டுவிடாதீர்கள். பிறகு மகனையோ தம்பியையோ மையவாடிக்கு அனுப்பி, எந்த மரத்தின் பக்கம், எந்த மதிலின் ஓரம் என்று பார்த்துவரச் செய்து அதையும் குறித்து வையுங்கள். ஒரு பிரதியைப் பள்ளிவாசல் நிர்வாகத்திடம் கொடுத்தால், பத்து வீடுகளின் கொப்பிகள் சேர்ந்து ஊரின் சரித்திரமாகிவிடும்.

இதற்குச் செலவு ஒரு கொப்பியும் ஒரு பேனையும்தான். ஆனால் தாமதிக்க முடியாது. சொல்லக் கூடியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். வல்ல அல்லாஹ் எமக்கு முன் சென்றவர்களின் கப்றுகளை ஒளிமயமாக்குவானாக. அவர்களின் பெயர்களைச் சொல்லி துஆக் கேட்கும் பிள்ளைகளை எமது வீடுகளில் தருவானாக. ஆமீன்.