நடராஜருக்கு ஒரு ரசீது

ராத்திரி தூக்கம் வரலைன்னா யூடியூப்ல ஆன்டிக்ஸ் ரோட்ஷோ பாக்கறது என்னோட கெட்ட பழக்கம். பிபிசியில 1979லேர்ந்து ஓடற நிகழ்ச்சி. ஒரு பாட்டி பழைய ஜாடியைத் துண்டுல சுத்தி எடுத்துட்டு வருவாங்க. கோட்டு போட்ட நிபுணர் (பல பேர் ஏலக் கம்பெனிக்காரங்கதான்) அதைக் கவுத்துப் போட்டு அடிப்பாகத்தைப் பாத்துட்டு, மெதுவா ஒரு கேள்வி கேப்பார். "இது உங்ககிட்ட எப்படி வந்துச்சு?" பாட்டி, மாமனார் கப்பல்ல போன கதையைச் சொல்வாங்க. கதை முடிஞ்சப்புறம்தான் விலை. பாட்டி வாயைப் பொத்திக்குவாங்க, பாத்துட்டிருக்கற நமக்கும் ஒரு குஷி :-)

அந்தக் கேள்வியைப் பத்தித்தான் இந்தப் பதிவு. ஏன்னா எங்க தா.பழூர் பக்கத்து சாமி ஒருத்தருக்கும் ஒரு காலத்துல இதே மாதிரி ஒரு கதை எழுதிக் கொடுத்தாங்க. அதை ஒரு பெரிய மியூசியம் நம்பி 50 லட்சம் டாலர் கொடுத்துச்சு.

தா.பழூர்லேர்ந்து பஸ் ஏறினா கொஞ்ச நேரத்துல ஸ்ரீபுரந்தான். கொள்ளிடத்துக்கு வடகரை. அங்க சோழர் காலத்து பிரகதீஸ்வரர் கோவில் ஒண்ணு இருக்கு. (கங்கைகொண்டசோழபுரத்து பிரகதீஸ்வரர் வேற, குழப்பிக்காதீங்க.) 2006ல அந்தக் கோவில்லேர்ந்து எட்டு செப்புத் திருமேனிகள் காணாமப் போச்சு. அப்ப இது அரியலூர் மாவட்டம்கூட கிடையாது, பெரம்பலூர் மாவட்டம். கோவில் பெரும்பாலும் பூட்டியே கிடந்ததால களவு போனது ஊருக்கே ரெண்டு வருஷம் தெரியாது. பக்கத்துல சுத்தமல்லி வரதராஜப் பெருமாள் கோவில்ல 2008ல களவு போனப்புறம்தான் எல்லாரும் முழிச்சாங்க. ஸ்ரீபுரந்தான் சிலைகளைப் பாதுகாப்பா வேற இடத்துல வைக்கலாம்னு பேச்சு வந்தப்ப, எங்க சாமியை அனுப்ப மாட்டோம்னு ஊர்ல மறுத்திருக்காங்க. அந்த ஆகஸ்ட்ல கதவைத் திறந்து பாத்தா உள்ள சாமியே இல்ல. இல்லாத சாமிக்காகச் சண்டை போட்டிருக்காங்க. இதை முதல்ல படிச்சப்ப சிரிப்பு வந்துச்சு, அப்புறம் ரொம்ப நேரம் ஒரு மாதிரி இருந்துச்சு.

சரி, நம்ம கதாநாயகருக்கு வருவோம். சுபாஷ் கபூர். 1949ல பிறந்தவர். அப்பாவும் டெல்லியில பழம்பொருள் வியாபாரி. 1974ல நியூயார்க் போனார். மேடிசன் அவென்யூவுல 'ஆர்ட் ஆஃப் தி பாஸ்ட்'னு ஒரு காலரி நடத்தினார். வழவழ தாள்ல கேட்லாக் போடுவார். மெட்ரோபாலிட்டன் மியூசியம் வரைக்கும் பெரிய பெரிய இடங்களுக்கு வித்தார், சிலதை சும்மாவே தானமாவும் கொடுத்தார். மியூசியக்காரங்க சந்தேகம்னா அவர்கிட்டதான் கேப்பாங்க. அதாவது, முழு நிபுணர்.

நம்ம பத்திரிகைகள் எல்லாம் இவரைச் 'சிலைத் திருடன்'னு ஒரே வார்த்தையில முடிச்சுடுது. எனக்கு அதுல ஒப்புதல் இல்ல. இவருக்குப் பரிதாபப்பட்டு சொல்லலைங்க. அந்த வார்த்தை போதாதுன்னுதான் சொல்றேன். பூட்டை உடைக்க உள்ளூர் ஆள் கிடைப்பான். மெட்ராஸ்ல சஞ்சீவி அசோகன்னு ஒரு ஆள் ஏற்பாடு பண்ணிக் கொடுத்தார். புது கைவினைப் பொருள்னு பேப்பர் தயார் பண்ணி கப்பல் ஏத்தியாச்சு. ஆனா அந்தப் பொட்டி நியூயார்க்ல இறங்கறப்ப அதுக்குள்ள இருக்கறது வெறும் திருட்டுச் சாமான். அதை மியூசியம் வாங்கற பொருளா மாத்தறது யாரு? நிபுணர்தான். அவர் வித்தது வெண்கலம் மட்டும் இல்ல, தன் வார்த்தையை.

எப்படி மாத்தினார்னு பாருங்க. கான்பராவுல இருக்கற ஆஸ்திரேலிய தேசிய காலரி 2008ல ஸ்ரீபுரந்தான் நடராஜரை 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்குச்சு. அன்னிக்கு ரேட்டுக்கு சுமார் 20 கோடி ரூபா. அவங்களும் அந்த முதல் கேள்வியைக் கேக்கத்தான் செஞ்சாங்க, எப்படி வந்துச்சுன்னு. பதிலுக்கு ஒரு பழைய ரசீது வந்துச்சு: சூடான் நாட்டு அதிகாரி ஒருத்தரோட குடும்பம் 1970ல டெல்லியில ஒரு கடையில வாங்குச்சாம். ஏன் 1970? கலைப்பொருள் கடத்தலுக்கு எதிரா யுனெஸ்கோ ஒப்பந்தம் வந்தது அந்த வருஷக் கடைசியில. நம்ம தொல்பொருள் சட்டம் 1972. அதுக்கு முன்னாடியே நாட்டை விட்டுப் போயிடுச்சுன்னு காட்டிட்டா பாதித் தொல்லை தீந்துச்சு. தேதியை எங்க வைக்கணும்னு தெரிஞ்சு வெச்சிருக்காங்க. 2006 வரைக்கும் அரியலூர் பக்கத்துல இருந்த சாமி 1970லேயே டெல்லியில வித்துப் போயிட்டார்!

இதுல மியூசியத்துக்காரங்க அப்பாவிங்களா? நான் நம்பல. ரோட்ஷோ பாட்டிக்குத் தெரியாம இருக்கலாம், அது நியாயம். அவ்ளோ பெரிய நடராஜர் அத்தனை வருஷம் யார் கண்ணுலயும் படாம ஒரு வீட்டு மூலையில நின்னார்னு சொன்னா, ஒரு தடவை பாண்டிச்சேரிக்கு ஆள் அனுப்பி விசாரிக்கணுமா வேண்டாமா? பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனத்துல தமிழ்நாட்டுக் கோவில் சிலைகளை வருஷக்கணக்கா படம் பிடிச்சு வெச்சிருக்காங்க. ஸ்ரீபுரந்தான் நடராஜரும் அதுல இருந்தார்.

இங்கதான் நம்ம ஜாதி ஆள் ஒருத்தர் வர்றார். பதிவர் ஜாதியைச் சொல்றேன் :-) எஸ். விஜயகுமார், சிங்கப்பூர்ல கப்பல் கம்பெனி வேலை. 'பொயட்ரி இன் ஸ்டோன்'னு சிற்பங்களைப் பத்தி வலைப்பதிவு எழுதிட்டிருந்தவர். சம்பளம் இல்ல, பதவி இல்ல, நம்மள மாதிரி ராத்திரி உக்காந்து எழுதின ஆள். அவரும், 'சேசிங் அப்ரோடைட்டி' பதிவு எழுதின அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேசன் ஃபெல்ச்சும் பழைய படத்தையும் மியூசியப் படத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஊருக்கே காட்டினாங்க. இதுல ஒரு நுணுக்கம் இருக்கு. நம்ம செப்புத் திருமேனி மெழுகுல செஞ்சு, மேல மண்ணைப் பூசி, மெழுகை உருக்கி வெளிய விட்டு வார்க்கறது. சிலையை எடுக்கணும்னா மண் அச்சை உடைச்சாகணும். அதனால ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்கவே முடியாது. திருவாசியில ஒரு சுடர் கோணலா இருந்தா அந்தக் கோணல் உலகத்துல அது ஒண்ணுலதான். கைரேகை மாதிரி. ரசீதுல பொய் எழுதலாம், இதை என்ன பண்ணுவீங்க?

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாச் சொல்லிடறேன். கபூர் 2011 அக்டோபர்ல ஃபிராங்ஃபர்ட் ஏர்போர்ட்ல பிடிபட்டார், 2012 ஜூலையில இந்தியாவுக்குக் கொண்டுவந்தாங்க. 2014 செப்டம்பர்ல ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபோட் டெல்லியில நடராஜரை நேர்ல ஒப்படைச்சார். ஸ்ரீபுரந்தான் பிள்ளையார் அமெரிக்காவுல டொலிடோ மியூசியத்துலேர்ந்து வந்தார், உமா பரமேஸ்வரி சிங்கப்பூர்லேர்ந்து. சுத்தமல்லி வழக்குல 2022 நவம்பர் 1ம் தேதி கும்பகோணம் கோர்ட் கபூருக்கு 10 வருஷம் தண்டனை கொடுத்துச்சு. தீர்ப்பு வர்றதுக்குள்ள கைதாகி 11 வருஷம் ஆயிடுச்சு, அது வேற கதை. நியூயார்க் அதிகாரிங்க இவர் கும்பல்கிட்டேர்ந்து மீட்ட பொருள் மட்டும் 2,500க்கு மேல, மதிப்பு 14 கோடி டாலருக்கு மேல.

நடராஜர் இந்தியா வந்ததும் ஊருக்கா போனார்? கும்பகோணம் சிலைப் பாதுகாப்பு மையத்துக்குப் போனார். இது பத்தி எங்க சித்தப்பாவோட தா.பழூர் டீக்கடையில ஒரு நாள் பெரிய வாக்குவாதம். "அங்கயாவது பத்திரமா இருக்கட்டும்டா, ஊருக்கு வந்தா மறுபடியும் தூக்கிடுவான்"ங்கறார் அவர். தப்புன்னு சொல்ல முடியல. ரெண்டு வருஷம் கதவைத் திறந்து பாக்காத ஊர்தானே. ஆனா என்னால ஒத்துக்கவும் முடியல. மார்கழித் திருவாதிரைக்குத் தெருவுல வர வேண்டிய உற்சவர், நம்பர் போட்டு வரிசையில நின்னா, கான்பரா கண்ணாடிக்கும் இதுக்கும் என்னங்க வித்தியாசம்? அங்கயாவது லைட்டு போட்டிருந்தாங்க. "அப்ப ராத்திரி காவலுக்கு நீ வந்து படுக்கறியா?"ன்னு கேட்டார். பதில் சொல்லல. நான் இருக்கறது மெட்ராஸ்ல.

என் கட்சி இதுதான்: கோவில்லயே இரும்பு அறை, அலாரம், தினம் ஒரு வேளை விளக்கு. செலவாகும்தான். வழக்கு நடத்தினதுக்கும் செலவு ஆச்சே. பூட்டு மட்டும் போட்டா போதாது, உள்ள தினம் ஒருத்தர் போய்ட்டு வரணும். சித்தப்பா இதை ஒத்துக்கிட்டாரான்னு கேட்டீங்கன்னா, டீக்குக் காசு கொடுத்துட்டு எழுந்து போயிட்டார்.

அடுத்து நம்மளால ஆகறது. படம் இருந்ததாலதான் இந்த நடராஜர் திரும்பினார். எடுக்காம விட்ட கோவில் எத்தனையோ. எங்க ஊர் சிவன் கோவில் உற்சவருக்கு ஒழுங்கா ஒரு படம் இருக்கான்னு வீட்ல தேட ஆரம்பிச்சேன். கிடைச்சது ஒண்ணே ஒண்ணு. எங்க அத்தை கல்யாண ஆல்பத்துல, மாப்பிள்ளை அழைப்புக்குப் பின்னாடி, அம்பாள் பாதி முகம். முன்னாடி நாதஸ்வரக்காரர் மறைக்கறார். அத்தை ஆல்பத்தைக் கையை விட்டுத் தர மாட்டேன்னுட்டாங்க, பொங்கலுக்கு ஸ்கேனரைத் தூக்கிட்டு நானே போறேன். உங்க வீட்டு ஆல்பத்துலயும் கல்யாணத்துக்குப் பின்னாடி யாராவது நிக்கறாங்களான்னு பாத்துட்டு பின்னூட்டத்துல சொல்லுங்க.