நாய்க்குட்டிக்கும் ஒரு மொய் நோட்டு

ஆடி பிறந்துவிட்டால் பேராவூரணிப் பக்கம் சுவரெல்லாம் மொய் விருந்துப் பத்திரிகைதான். பந்தலில் ஒரு பக்கம் கறிச்சோறு நடக்கும். மறுபக்கம் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்கள் மொய் எழுதுகிறவர்கள். பெயர், ஊர், பழைய மொய் எவ்வளவு, புதிதாக வைக்கும் புதுநடை எவ்வளவு என்று ஒன்று விடாமல் நோட்டில் ஏறும். பணம் எண்ணும் இயந்திரம் வந்துவிட்டது, கணினி ரசீதும் வந்துவிட்டது. நோட்டின் ஒழுங்கு மட்டும் மாறவில்லை. வாங்கியவர் திருப்பிச் செய்தாக வேண்டும். செய்யாதவரை ஊர் மறக்காது. தஞ்சை, புதுக்கோட்டை எல்லை ஊர்களில் கிணறு வெட்டியவர்களும் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்களும் இந்த நோட்டை நம்பித்தான் இறங்கினார்கள்.

இதே ஊர்களில் கைப்பேசிக்கு இன்னொரு அழைப்பும் வருகிறது. பின்னங்கால் தொங்கிக் கிடக்கும் ஒரு குட்டியின் படம். கீழே ஒரு க்யூஆர் கோடு. ஆபரேஷனுக்கு அவசரம், முடிந்ததைப் போடுங்கள் என்று ஒரு வரி. மனசு கேட்காமல் போடுகிறார்கள். ஐம்பது, நூறு, ஐந்நூறு. அதற்குப் பிறகு? குட்டி பிழைத்ததா, எவ்வளவு சேர்ந்தது, மீதி யாரிடம் இருக்கிறது என்ற கேள்விகளுக்குப் பல நேரம் பதிலே வருவதில்லை. இருபது வருஷத்துக்கு முன் வைத்த ஐம்பத்தொரு ரூபாய் மொய்க்குக் கணக்குச் சொல்லும் ஊரில், போன மாதம் வசூலித்ததற்குக் கணக்கில்லை.

டெல்டாவில் இப்படிப்பட்ட குட்டிகளுக்குப் பஞ்சமும் இல்லை. குறுவை அறுப்பு முடியும் புரட்டாசி, ஐப்பசியில் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களைச் சுற்றி ஒரு தனி உலகம் உருவாகிவிடும். குவிந்து கிடக்கும் நெல்லுக்கு எலி வரும், எலியைத் தேடி நாய் வரும். சுமை தூக்குகிறவர்கள் சாப்பிட்டு மிச்சம் வைக்கும் சோறும் உண்டு. வைக்கோல் போரிலும் தார்ப்பாய் மடிப்பிலும் குட்டி போடும் தாய் நாய், இரை தேடிப் போயிருக்கும் நேரத்தில் குட்டிகள் லாரி நிழலில் படுத்துவிடும். ஓட்டுநர் வண்டியை எடுக்கும்போது கீழே பார்ப்பதில்லை. களம் போதாமல் தார்ச்சாலையிலேயே நெல்லைக் கொட்டிக் காயவைக்கும் நாட்களில் நிலைமை இன்னும் மோசம். நெல் பாதிச் சாலையை அடைத்துக்கொள்ள, ஒதுங்கிப் போகும் இரு சக்கர வண்டிகளுக்கு ஓரத்தில் சூடு காயும் குட்டி கண்ணில் படாது.

தொடை எலும்பு முறிந்த இரண்டு மாதக் குட்டியை மேசையில் நீட்டிப் படுக்கவைத்தால் ஒரு முழம் தேறினால் அதிகம். கொண்டுவந்த உடனே கத்தியை எடுக்க முடியாது. உடம்புச் சூட்டைக் கூட்ட வேண்டும், சலைன் ஏற்ற வேண்டும், எக்ஸ்ரே எடுக்க வேண்டும். வயிற்றுக்குள் எதுவும் கிழியவில்லை என்று உறுதியான பிறகுதான் மயக்க மருந்து. எலும்பின் உள்துளை வழியாக மெல்லிய எஃகுக் கம்பியைச் செலுத்தி, முறிந்த இரண்டு துண்டையும் நேராக நிறுத்துகிறார்கள். குட்டி எலும்பு சீக்கிரம் கூடும். நாலைந்து வாரத்தில் சேர்ந்துவிட்டால் கம்பியை உருவிவிடலாம். ஆனால் அந்த நாலைந்து வாரம்தான் சோதனை. குட்டி ஓடக்கூடாது, தையலை நக்கக்கூடாது. அட்டைப்பெட்டிக்குள் சாக்கு விரித்து, நனைய நனைய மாற்றிக்கொண்டே இருக்க ஒரு ஆள் வேண்டும். அதற்குள் பார்வோ வைரஸ் நோய் வந்துவிட்டால் வாந்தியும் ரத்த வயிற்றுப்போக்குமாக எல்லாம் வீணாகிவிடும். தடுப்பூசி காணாத தெருக்குட்டிக்கு அந்த ஆபத்து எப்போதும் உண்டு. ஆபரேஷன் என்று வசூலிக்கிறவர்கள் கத்திக்கும் கம்பிக்கும் மட்டுமே கணக்குப் போடுகிறார்கள். பெட்டி, சாக்கு, ஆள், முட்டை, ஊசி எதுவும் அந்தக் கணக்கில் வருவதில்லை.

டெல்டாவுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் ஒரத்தநாட்டில் 2012-ல் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியது. அதற்கு முன்பு இந்தப் பகுதியின் சிக்கலான கேஸ்கள் நாமக்கல்லுக்கோ, 1903-ல் தொடங்கிய சென்னைக் கல்லூரிக்கோ போக வேண்டியிருந்தது. இப்போதும் வேதாரண்யத்தில் அடிபட்ட குட்டிக்கு ஒரத்தநாடு பக்கமில்லை. கொள்ளிடத்தில் அடிபட்டதற்கு அதைவிடத் தூரம். பஸ்ஸில் நாயை ஏற்ற நடத்துநர் சம்மதிக்க மாட்டார். ஆட்டோ பிடித்தால் வாடகையே ஆபரேஷன் செலவை எட்டிப் பிடிக்கும். பக்கத்தில் இருப்பது ஊர் மாட்டாஸ்பத்திரி. பெயரே சொல்வதுபோல் அங்கே மாட்டுக்குச் சினை ஊசி, கோமாரித் தடுப்பூசி, ஆட்டுக்குக் குடற்புழு மருந்து, இவைதான் அன்றாட வேலை. எலும்புக்குக் கம்பி வைக்கும் சாமானும் மயக்க மருந்து இயந்திரமும் அங்கே எதிர்பார்க்கக்கூடியவை அல்ல. அதனால்தான் தனியார் கிளினிக், அதனால்தான் வசூல்.

இரக்கத்தில் தொடங்கிய ஒரு காரியம் கணக்குப் புத்தகத்துக்குள் வந்தால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. 1959-ல் சென்னை தியாகராய நகரில் மழைவெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளை விமானி கேப்டன் வி. சுந்தரம் தூக்கி வீட்டுக்குக் கொண்டுபோனார். அவரும் மனைவி உஷாவும் பிள்ளைகளும் வீட்டிலேயே தொடங்கியதுதான் புளூ கிராஸ். தெருநாய்களைக் கொன்று குவிப்பதற்குப் பதிலாகக் கருத்தடை செய்யலாம் என்று அந்த அமைப்பு 1964 முதல் சொல்லியும் செய்தும் வந்தது. சென்னை மாநகராட்சி அந்த வழிக்கு வர 1996 ஆனது. 2001-ல் நாடு முழுவதற்குமான விதியாகவும் அது மாறியது. லண்டனின் வொயிட்சாப்பலில் 1917-ல் மரியா டிக்கின் ஒரு நிலவறையில் தொடங்கிய ஏழைகளின் பிராணி மருத்துவமனையும் இப்படித்தான் வளர்ந்தது. இரண்டு இடத்திலும் தொடக்கம் சிறியதுதான். காசுக்குக் கணக்கு இருந்ததால் அது நிறுவனமாக நின்றது.

குற்றவாளி கண்முன் இருந்தால் பணத்துக்கு வேறு வழியும் பிறக்கிறது. 2016 ஜூலையில் சென்னைப் புறநகரில் ஒரு மாடியிலிருந்து நாயைத் தூக்கி எறியும் காணொளி வெளியாகி நாடே கொதித்தது. அந்த நாய் உடைந்த காலோடு உயிருடன் கிடைத்தது. மீட்டவர்கள் அதற்குப் பத்ரா என்று பெயர் வைத்தார்கள். ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் போராடியதன் பலனாக வந்த 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடைச் சட்டத்தில், முதல் முறை குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான். இன்றைக்கும் அதுதான். எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் குழுவோ அந்தக் காணொளியில் சம்பந்தப்பட்ட இரு மருத்துவ மாணவர்களுக்கும் தலா 2 லட்சம் ரூபாய் அபராதம் விதித்து, விலங்குகள் நல வாரியத்துக்குக் கட்டச் சொன்னது. நெல் லாரிக்கடியில் கிடக்கும் குட்டிக்குக் காணொளியும் இல்லை, குற்றவாளியும் இல்லை. ஊர்தான் உண்டு.

அந்த ஊரிலேயே ஒரு கேள்வி எழும்: கடிக்கிற நாய்க்கு எதற்குப் பணம்? தமிழ்நாட்டில் 2024-ல் மட்டும் சுமார் 4.8 லட்சம் பேரை நாய் கடித்திருக்கிறது. வெறிநோயில் 43 பேர் இறந்திருக்கிறார்கள். பிள்ளையை டியூஷனிலிருந்து கூட்டிவரக் கம்போடு போகும் தகப்பனிடம் போய் நாய்க்குட்டிக்கு நூறு ரூபாய் கேட்டால் அவர் முறைப்பதில் தவறில்லை. அவர் கோபத்துக்குச் சரியான பதில் வசூலை நிறுத்துவதல்ல, வசூலை நீட்டுவது. கால் சேர்ந்த குட்டியை அப்படியே கொள்முதல் நிலைய வாசலில் விட்டுவிட்டு வந்தால் அடுத்த வருஷம் அது ஆறு குட்டி போடும். அதில் ஒன்று மறுபடி லாரிக்கடியில் கிடக்கும், இன்னொன்று யாரையாவது கடிக்கும். மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, வயது வந்ததும் கருத்தடை என்ற இரண்டு வரியும் ஆபரேஷன் பில்லோடு சேர்ந்தே இருந்தால், கொடுத்த நூறு ரூபாய் அந்தத் தகப்பனின் பிள்ளைக்கும் சேர்த்துத்தான்.

வசூலுக்கு ஒழுங்கு கொண்டுவருவது கடினமும் அல்ல. முதலில் மருத்துவரின் கையெழுத்தோடு உத்தேசச் செலவுச் சீட்டு வர வேண்டும். அதற்குப் பிறகுதான் படமும் க்யூஆர் கோடும். பணம் தூக்கிவந்தவரின் சொந்தக் கணக்குக்குப் போகாமல் நேராக மருத்துவமனைக் கணக்குக்குப் போக வேண்டும். தேவையான தொகை சேர்ந்ததும் வசூல் முடிந்தது என்று அதே குழுவில் அறிவிக்க வேண்டும். பில்லைப் படமெடுத்துப் போட வேண்டும். குட்டி செத்துப்போனால் மீதி எதற்கு என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும்; சங்கடமான பேச்சுதான், சொல்லாமல் விட்டால் பின்னால் வருவது அதைவிடச் சங்கடம். அடிக்கடி வசூல் செய்கிறவர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு அறக்கட்டளையாகப் பதிவு செய்து 80ஜி அனுமதியும் வாங்கிவிட்டால், கொடுப்பவருக்கு வருமான வரியில் சலுகை, வாங்குபவருக்கு வருஷா வருஷம் கணக்குக் காட்டும் கடமை.

அரசு பக்கமும் வாசல் இல்லாமல் இல்லை. காயம்பட்ட, கைவிடப்பட்ட பிராணிகளைப் பராமரிக்கும் தொண்டு அமைப்புகளுக்கு உதவ வள்ளலார் பல்லுயிர்க் காப்பகங்கள் என்ற திட்டம் 2022-23 நிதிநிலை அறிக்கையில் 20 கோடி ரூபாய் ஒதுக்கீட்டோடு அறிவிக்கப்பட்டது. பதிவு செய்த அமைப்பாக இருந்தால் அந்த வாசலைத் தட்டலாம்; வெறும் வாட்ஸ்ஆப் குழுவுக்கு அது திறக்காது. 2023-ஆம் ஆண்டின் விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளோ தெருநாய்க்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்யும் பொறுப்பை உள்ளாட்சி அமைப்பின் தலையில் தெளிவாக வைக்கின்றன. தெருநாய் விவகாரம் 2025-ல் உச்ச நீதிமன்றத்தில் பல திருப்பங்களைக் கண்டபோதும் அந்தப் பொறுப்பு இடம் மாறவில்லை.

2022-ல் இலங்கை நெருக்கடியில் தவித்தபோது, புதுக்கோட்டை மாவட்டம் வம்பன் அருகே ஒரு தேநீர்க் கடைக்காரர் அந்நாட்டு மக்களுக்காக மொய் விருந்து நடத்தினார். வந்தவர்கள் டீயைக் குடித்துவிட்டு முடிந்ததைப் போட்டுவிட்டுப் போனார்கள். திருப்பிச் செய்ய வர மாட்டார்கள் என்று தெரிந்தவர்களுக்கும் மொய் வைக்கலாம் என்று அந்தப் பக்கம் ஏற்கெனவே ஒப்புக்கொண்டாயிற்று. வரும் ஆடியில் பேராவூரணிப் பந்தல் ஒன்றின் ஓரத்தில் இன்னொரு மேசை போட்டால், நோட்டின் இடப்பக்கத்தில் தந்தவர் பெயரும் தொகையும், வலப்பக்கத்தில் எக்ஸ்ரே, கம்பி, மருந்து, தடுப்பூசி, கருத்தடை. கடைசி இரண்டு இனத்துக்கும் ஆன தொகையை மட்டும் தனியாகக் கூட்டி, திருப்பிச் செய்ய வேண்டியவர் பெயர் எழுதும் இடத்தில் உள்ளூர் ஊராட்சியின் பெயரை எழுதிக்கொள்ளலாம்.