பச்சைப் பலகையில் நான்கு ஆங்கில எழுத்துகள்

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன; நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. கோடு போட்டவர்களால் சம்பந்தங்களைப் பிரிக்க முடியவில்லை. தனுவச்சபுரம், பாறசாலை வட்டாரத்துக் கல்யாண மண்டபங்களில் களியக்காவிளைக்குத் தெற்கிலிருந்து வரும் தமிழரும் உள்ளூர் மலையாளிகளும் இன்றும் ஒரே பந்தியில் அமர்கின்றனர். அத்தகைய மண்டபத்தில் அவசர வழியைக் காட்டும் பலகை எந்த மொழியில் இருக்க வேண்டும்?

'ஆங்கிலத்தில் எக்ஸிட் என்று எழுதினால் போதும், அது எல்லாருக்கும் பொது' என்பது வழக்கமான விடை. இதை நடுநிலை என்பது பொய். இரு மொழியினரிலும் ஆங்கில எழுத்தறியாத முதியவர்களை ஒருசேரக் கைவிடும் ஏற்பாடு இது. பள்ளியில் படித்தவர்க்குக்கூடப் புகையும் கூச்சலும் சூழ்ந்த நொடியில் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பொழுதில்லை.

ஜப்பான் இதைப் பெரும் விலை கொடுத்துக் கற்றது. 1972-இல் ஒசாகாவின் சென்னிச்சி பல்பொருள் அங்காடிக் கட்டடத்தில் 118 பேரும், மறு ஆண்டு குமமோட்டோவின் தையோ அங்காடியில் நூற்றுக்கும் மேற்பட்டோரும் மாண்டனர். அதன் பின்னரே சொல்லை விட்டு உருவத்தை நாடினர். வடிவமைப்பாளர் யூகியோ ஓட்டாவின் குழு செம்மைப்படுத்திய, கதவை நோக்கி ஓடும் மனித உருவம் 1980களில் சர்வதேசத் தரமாயிற்று. எழுத்தறியாதவரும் அறிந்துகொள்ளும் உருவம் அது. மொழிச் சண்டை ஓயாத எல்லைப்புறத்துக்கு இதைவிடப் பொருத்தமானது வேறென்ன?

இந்தியத் தேசியக் கட்டடநெறியின் நான்காம் பகுதி, வெளியேறும் வழிப் பலகை தெளிவாகத் தெரிய வேண்டும், ஒளியூட்டப்பட வேண்டும், மாற்று மின்வழங்கலோடு தனிச் சுற்றில் இணைக்கப்பட வேண்டும் என்கிறது. இந்நெறி தானாகச் சட்டமாகாது. மாநில விதிகள் ஏற்கும் அளவுக்கே கட்டுப்படுத்தும். சான்றிதழுக்காகப் பலகையை மாட்டிவிட்டு, அதன் கீழுள்ள கதவுக்குப் பூட்டுப் போட்டு நாற்காலிகளை அடுக்குவோர்க்கு இந்த இடைவெளி வசதியாகிவிடுகிறது.

1997 ஜூன் 13 அன்று தில்லி உபகார் திரையரங்கில் 59 பேர் மூச்சுத்திணறி இறந்தனர். பால்கனியில் கூடுதல் இருக்கைகள் போட்டு ஒரு வெளியேறும் வழியையே அடைத்திருந்தார்கள். 2004-இல் கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகள் கருகியபோது பலகை இருந்திருந்தாலும் பயனில்லை; ஒடுங்கிய படிக்கட்டு ஒன்றைத் தவிர அவர்களுக்குக் காட்டுவதற்கு வேறு வழியே இல்லை. ஆகவே உருவம் வரைந்த பலகையைக் கேட்போர், அதன் அடியிலுள்ள கதவு உள்ளிருந்து தள்ளினால் திறக்கிறதா என்பதையும் ஒவ்வொரு முகூர்த்தத்துக்கு முன்பும் தள்ளிப் பார்க்கச் சொல்லட்டும்.