நாற்காலி போடுகிறவர்

இந்த வாரம் தபாலில் வந்து சேர்ந்த ஓர் அழைப்பிதழ் என் மனநிலையை முற்றிலும் கெடுத்து வைத்துவிட்டது. கனத்த வழவழப்பான காகிதத்தில், பொன்னிற விளிம்பு கட்டி, நமது நகரத்தின் நட்சத்திர ஓட்டல் ஒன்றின் விருந்து மண்டபத்தில் ‘பரிசோதனை இசை மாலை’ நடக்கவிருப்பதாக அது அறிவித்தது. தலைமை வகிப்பவர், முன்னிலை வகிப்பவர், குத்துவிளக்கு ஏற்றுபவர், சிறப்புரை ஆற்றுபவர், வாழ்த்துரை வழங்குபவர்கள் ஆகியோரின் திருநாமங்கள் பட்டங்களோடும் பதவிகளோடும் பெரிய எழுத்தில் வரிசையாக இறங்கி வந்து, உதவி புரிந்த கம்பெனிகளின் சின்னங்களையும் கடந்த பிறகு, மூக்குக் கண்ணாடி போட்டாலும் எளிதில் அகப்படாத சிற்றெழுத்தில், ‘இசை: இளங்கலைஞர்கள்’ என்று ஒரே ஒரு வரி கண்ணில் பட்டது. அந்தக் கலைஞர்கள் யார், எதை வாசிக்கப் போகிறார்கள் என்பதையெல்லாம் அறிவிப்பது அநாவசியம் என்று விழாக்குழுவினர் தீர்மானித்திருக்கிறார்கள்.

பொன்னாடையைப் பற்றி எனக்குள்ள அபிப்பிராயம் இப்பத்தியின் நெடுநாள் வாசகர்களுக்குப் புதிதன்று. கச்சேரி மேடையில் வித்வான் சுருதி சேர்த்துக்கொண்டு காத்திருக்க, அவருக்கும் அவருடைய தம்புராவுக்கும் முன்னால் நின்றுகொண்டு, ஒருவருக்கொருவர் பொன்னாடை போர்த்துவதும், போர்த்தியவரைப் போர்த்தப்பட்டவர் புகழ்வதும், புகழ்ந்தவரின் பெருந்தன்மையை மூன்றாமவர் எடுத்துரைப்பதுமாக முக்கால் மணி நேரத்தைக் கரைத்துவிட்டு, பிறகு ‘நேரமின்மை காரணமாக’ என்று சொல்லிக் கச்சேரியின் தலையில் கை வைக்கும் இந்தப் பழக்கத்தை நான் எத்தனையோ முறை கண்டித்து எழுதியாகிவிட்டது. ‘ஐயா, உமக்கு யாரும் பொன்னாடை போர்த்தவில்லை என்ற ஆதங்கமா?’ என்று கேட்டு ஓர் அன்பர் கடிதம் எழுதினாரே தவிர, வழக்கம் ஒரு நூலளவும் குறையவில்லை. சம்பிரதாயக் கச்சேரியிலாவது அதை ஒருவாறு சகித்துக்கொள்ளலாம். சம்பிரதாயத்தை விட்டு விலகிப் புதிதாக ஏதோ தேடுகிறோம் என்று சொல்லிக்கொண்டு வருகிற இசைக்கும் அதே குத்துவிளக்கு, அதே வாழ்த்துரை, அதே ஓசிப் பாஸ் என்றால், பரிசோதனை என்னும் பெயர் எதற்கு?

அந்த விழாவைப் பற்றி விரிவாக எழுதவே உட்கார்ந்தேன். ஆனால் ஆத்திரத்தோடு எழுதினால் நடை கெட்டுப்போகும் என்பதால், மனத்தைத் தணித்துக்கொள்ள, அலமாரியிலிருந்து என் அபிமானப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். ஜார்ஜ் லூயிஸ் எழுதி 2008-இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ‘எ பவர் ஸ்ட்ராங்கர் தேன் இட்ஸெல்ஃப்’ என்னும் அந்த அறுநூறு பக்கத்துக்கு மேற்பட்ட நூலை நான் முன்பும் இங்கே குறிப்பிட்டதுண்டு. அதனால் சலிப்படைந்த வாசகர்கள் இந்த வாரமும் சற்றே பொறுத்தருள வேண்டும். ஏனெனில் விழா என்னை விட்டுப் போய்விட்டது. புத்தகந்தான் கையில் நிற்கிறது; அது சொல்லும் கதை இது.

1965-ஆம் வருஷம் மே மாதம் சிக்காகோ நகரத்தின் தென்பகுதியில், கறுப்பின மக்கள் வாழும் பேட்டையில், ஃபில் கோரான் என்னும் வாத்தியக்காரரின் வீட்டில் சில சங்கீதக்காரர்கள் கூடினார்கள். அவரும், பியானோ வாசிக்கும் முஹால் ரிச்சர்ட் ஆப்ரம்ஸ், ஜோடி கிறிஸ்டியன் ஆகிய இருவரும், டிரம் வாசிக்கும் ஸ்டீவ் மெக்காலுமாக நால்வர் சேர்ந்து தபால் அட்டை எழுதிப் பிறரை வரவழைத்திருந்தனர். அப்பேட்டையில் ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு ஜாஸ் முழங்கிய மதுக்கூடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டு வந்தன. மிஞ்சிய இடங்களிலும் வாத்தியக்காரனுக்குக் கூலி கொடுப்பதைவிட ஜூக்பாக்ஸ் பெட்டியை வைப்பது லாபம் என்று முதலாளிகள் கண்டுகொண்டார்கள். நகரத்தின் நல்ல அரங்குகளோ கறுப்பருக்கு எளிதில் திறக்கவில்லை. இசைத் தொழிலாளர் சங்கமே வெள்ளையருக்கு ஒன்று, கறுப்பருக்கு ஒன்று என்று பிரிந்து கிடந்து, 1966-இல்தான் ஒன்றாயிற்று. இந்த நிலையில், தாம் எழுதும் புதிய இசையை வாசிக்க இடமும் இல்லை, கேட்க ஆளும் இல்லை என்று கண்டவர்கள், எவரிடமும் மனுக் கொடுக்கப் போகாமல், தாமே ஒரு சங்கம் அமைத்துக்கொள்வதென்று முடிவு செய்தனர். ஏ.ஏ.சி.எம். என்று பிற்பாடு உலகப் பிரசித்தி அடைந்த ஸ்தாபனம் அதுதான்.

அந்த ஆரம்பக் கூட்டங்களின் பேச்சுக்களை ஒலிநாடாவில் பதிவு செய்து வைத்திருந்தார்கள். லூயிஸ் அவற்றைத் தேடிப் பிடித்துத் தம் நூலில் எடுத்தாண்டிருக்கிறார். கலைப் புரட்சி செய்தவர்கள் கூடினால் கனல் பறக்கும் பிரகடனங்கள் இருக்கும் என்று எதிர்பார்த்துப் படிப்பவர் ஏமாந்து போவார். பங்காளிகள் கூடிப் பாகப்பிரிவினை பேசுவதைத் திண்ணையிலிருந்து ஒட்டுக் கேட்பது போன்ற அனுபவம் அது: சந்தா எவ்வளவு, யார் தலைவர், பிறர் இயற்றிய பழைய பாட்டுக்களை வாசிக்கலாமா, கூடாதா, ‘சொந்த இசை’ என்றால் எது வரைக்கும் சொந்தம், இரவில் கூலிக்கு வாசித்துப் பிழைக்கிறவன் கதி என்ன என்று முறைப்படி பிரேரணை கொண்டுவந்து, அனுமோதித்து, மறுத்து, மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறார்கள். இறுதியில் ஏற்பட்ட முடிவு மிகவும் எளிமையானது. பிழைப்புக்காக எவன் எங்கே எதை வேண்டுமானாலும் வாசிக்கட்டும். சங்கத்தின் மேடையில் மட்டும் அவனவன் இயற்றியதையே வாசிக்க வேண்டும்.

இந்த ஒரு விதியை நிறைவேற்ற வேண்டுமானால், அதற்குப் பின்னால் எத்தனை வேலை இருக்கிறது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். புதிய இசைக்கு ரஸிகர் தாமாக வந்து குவிய மாட்டார்கள். இன்னது கேட்கப் போகிறோம் என்று தெரியாத இடத்துக்குக் காசு கொடுத்துப் போகிறவர் எந்த ஊரிலும் சொற்பமே. ஆகவே வாசிக்கிறவர்களே துண்டுப் பிரசுரம் அச்சிட்டு விநியோகித்தார்கள், டிக்கெட் விற்றார்கள், வாயிலில் நின்றார்கள், நாற்காலி போட்டார்கள். மதுக்கூடத்தை விட்டுவிட்டு, மாதா கோயில் கூடம், சமூக நிலையம், பல்கலைக்கழக அறை என்று கிடைத்த இடத்திலெல்லாம் கச்சேரி வைத்தார்கள். இன்று ஒருவன் மேடையில் இருந்தால் மற்றொருவன் வாயிலில் இருந்தான். அடுத்த வாரம் இருவரும் இடம் மாறிக்கொண்டார்கள். 1967-இல் அப்பேட்டைக் குழந்தைகளுக்கு இலவசமாகச் சங்கீதம் கற்பிக்கும் பள்ளியையும் தொடங்கினார்கள். நாளைய ரஸிகனை இன்றே தயார் செய்யும் காரியம் அது. நம்முடைய விழாக்குழுக்களின் நிகழ்ச்சி நிரலில் அதற்கு ஓர் உருப்படி ஒதுக்கப்பட்டதாக எனக்கு நினைவில்லை.

அதன் பலன் என்னவாயிற்று என்பது சரித்திரம். 1966-இல் சங்கத்தவரான ராஸ்கோ மிட்செல் வெளியிட்ட ‘சவுண்ட்’ என்னும் இசைத்தட்டில், ஸாக்ஸஃபோனுக்கு இருந்த கௌரவம் ஹார்மோனிகாவுக்கும் சிறு மணிகளுக்கும் கிடைத்தது. ஒலிக்கு இருந்த கௌரவம் மௌனத்துக்கும் கிடைத்தது. 1969-இல் அவருடைய கோஷ்டியினர் பாரிஸுக்குக் கப்பலேறி, ‘ஆர்ட் ஆன்சாம்பிள் ஆஃப் சிக்காகோ’ என்ற பெயரில் ஐரோப்பாவைப் பிரமிக்க வைத்தனர். இளம் வயதிலேயே அவ்வட்டத்தில் சேர்ந்த ஹென்றி த்ரெட்கில்லுக்கு 2016-இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. பரிசு கொடுத்தவர்கள் ஐம்பது வருஷம் கழித்து வந்தார்கள். நாற்காலி போட்டவர்கள் முதல் நாளே வந்திருந்தார்கள்.

அந்த நாற்காலி போட்டவர்களுள் என் மனத்துக்கு மிக உகந்தவர் ஃப்ரெட் ஆண்டர்ஸன். 1929-இல் லூயிஸியானாவில் பிறந்து, சிறுவனாகச் சிக்காகோ பக்கம் வந்து சேர்ந்தவர். குடும்பத்தைக் காப்பாற்ற வீடுகளுக்குத் தரைவிரிப்புப் பதிக்கும் வேலை செய்துகொண்டே டெனர் ஸாக்ஸஃபோனைச் சாதகம் செய்தவர். 1965 ஆகஸ்டில் நடந்த சங்கத்தின் முதல் கச்சேரியில் ஜோசப் ஜார்மனோடு மேடையேறியவர்களில் அவரும் ஒருவர். மற்றவர்கள் பாரிஸுக்கும் நியூயார்க்குக்கும் போனபோது அவர் ஊரிலேயே இருந்துவிட்டார். 1982-இல், இண்டியானா அவென்யூவில் தாம் வேலை பார்த்து வந்த ஒரு சிறிய மதுக்கடையைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, அதற்கு ‘வெல்வெட் லவுஞ்ச்’ என்று பெயரிட்டார்.

வெளியே பார்த்தால் அது ஒரு சாதாரணப் பேட்டைக் கடை. உள்ளே, ஞாயிற்றுக்கிழமைகளில், எங்கும் இடம் கிடைக்காத இளைஞர்கள் வந்து, தமக்குத் தோன்றியதைத் தோன்றியபடி வாசித்தார்கள். உலகத்தின் பெரிய விழாக்களெல்லாம் விரும்பி அழைத்த அந்த ஸாக்ஸஃபோன் மேதை, தம் சொந்த ஊரில் கல்லாவுக்குப் பின்னால் நின்று பானம் ஊற்றிக் கொடுப்பார். வாயிலில் கட்டணம் வாங்கிப் போடுவார். தம் முறை வரும்போது வாத்தியத்தை எடுத்துக்கொண்டு, முதுகு வளைய முன்னுக்குக் குனிந்து நின்று, நிறுத்தாமல் வாசிப்பார். நூலாசிரியர் ஜார்ஜ் லூயிஸே இளமையில் அவருடைய கோஷ்டியில் டிராம்போன் வாசித்தவர்தான். இன்று உலகறிந்த டிரம் வித்வான் ஹமீத் டிரேக்கும் அவர் நிழலில் வளர்ந்தவர். எந்தப் பல்கலைக்கழகமும் கற்பிக்காததை அவர்கள் அவரிடம் கற்றார்கள்: கேட்க நான்கு பேரே இருந்தாலும் நானூறு பேர் இருப்பதுபோல் வாசிக்க வேண்டும் என்பதை.

2006-இல் அந்தக் கட்டடம் அடுக்குமாடி வீடுகளுக்காக இடிபடும் நிலை வந்தது. அப்போது அங்கே வாசித்து வளர்ந்தவர்கள் கூடி, நிதிக் கச்சேரிகள் நடத்திப் பணம் திரட்டி, சில தெருக்கள் தள்ளி வேறோர் இடத்தில் கடையைத் திறந்து கொடுத்தார்கள். எழுபத்தேழு வயதுக் கிழவர் மறுபடியும் கதவைத் திறந்து நின்றார். 2010-இல் அவர் காலமான பின் அந்த இடமும் நெடுநாள் நிலைக்கவில்லை. அவர் சம்பாதித்தது என்ன என்று கேட்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் கணக்கு இல்லை. அக்கடையால் அவர் தனவந்தர் ஆகவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

‘சிக்காகோவை விடும், சென்னைக்கு வாரும்’ என்று வாசகர் அதட்டுவது என் காதில் விழுகிறது. வருகிறேன். நம் ஊரில் புதிய இசை இல்லை என்று சொல்பவன் காதைப் பொத்திக்கொண்டவன். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் திறந்த வெளியில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவினர், சாவு வீட்டில் பாடுவது என்று ஒதுக்கி வைக்கப்பட்ட கானாவை ராக், ராப் வகைகளோடு இழைத்துப் பாடியபோது ஜனங்கள் திரண்டு வந்து கேட்டார்கள். ஊரூர் ஆல்காட் குப்பத்தில், மீனவர் வாழும் தெருவில், கர்நாடக சங்கீதமும் பறையும் ஒரே மேடையில் ஒலித்த விழாவும் நாம் அறிந்ததே. மயிலாப்பூர்ச் சபாக்கள் என்றால் முகம் சுளிக்கும் இளைஞர்களும் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: இன்று சம்பிரதாயத்தின் கோட்டையாகத் தோன்றும் மியூஸிக் அகாடமியே, 1927-இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபையையொட்டி நடந்த சங்கீத மகாநாட்டின் விளைவாக, அடுத்த வருஷம் தோன்றியதுதான். இன்று நாம் அநாதி என்று எண்ணிக்கொண்டிருக்கும் கச்சேரி முறையும் அரியக்குடி ராமாநுஜ ஐயங்கார் தம் வாழ்நாளில் செய்து பார்த்து நிலைநாட்டிய ஏற்பாடே அன்றி, தியாகையர் காலத்துச் சொத்தன்று.

ஆகையால் திறமைக்குக் குறைவில்லை, ரஸிகருக்கும் குறைவில்லை. பெரிய மண்டபங்களும் வேண்டிய மட்டும் இருக்கின்றன. ஆனால் அவற்றின் ஒரு நாள் வாடகையைக் கேட்டால், வாத்தியத்தை விற்றுத்தான் கொடுக்க வேண்டியிருக்கும். வாடகை தர முடியாதபோது ஆதரவாளர் வருகிறார், ஆதரவாளர் வந்தால் அவருக்கு மேடை வேண்டும், மேடை ஏறினால் பேச வேண்டும், பேசினால் பொன்னாடை. இரவு பத்து மணிக்கு மேல் திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்ற சட்டம் நியாயமானதே. ஆனால் உரைகளெல்லாம் முடிந்து இசை தொடங்கும்போது மணி ஒன்பதரை என்றால் அந்தச் சட்டம் யாரைத் தண்டிக்கிறது? இந்தச் சங்கிலியை அறுக்க மானியமும் மகாநாடும் வேண்டியதில்லை. ஐம்பது பேர் உட்காரக்கூடிய ஒரு கூடம், வாரத்தில் ஒரே நாள், வருஷம் முழுவதும் தவறாமல் திறந்திருந்தால் போதும். விழா வருஷத்துக்கு ஒரு முறை வந்து மறந்துபோகும். வியாழக்கிழமை மாலை ஆறரை மணிக்கு அங்கே ஏதோ நடக்கும் என்பது பழக்கமாகிவிட்டால், கேட்கத் தெரிந்த ஒரு கூட்டம் தானே உண்டாகும்.

நகரத்தில் மூடிக் கிடக்கும் மாடிக் கூடங்களும், மாலையில் காலியாக இருக்கும் பள்ளி அறைகளும், நாளுக்கு இரண்டு பேர் மட்டும் வந்து போகும் வாசகசாலைகளும் எத்தனையோ இருக்கின்றன. அவற்றின் சாவியை வைத்திருக்கும் பெரியவர்களுக்கு என் விண்ணப்பம் இது: வாரத்தில் ஒரு மாலை அந்தச் சாவியை இந்த இளைஞர்களிடம் கொடுங்கள், பேச வராதீர்கள், கேட்க வாருங்கள். வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை: அப்படி ஓர் இடம் திறந்தால், தெரிந்தவர் மூலம் பாஸ் கேட்காமல், வாயிலில் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போங்கள்.